பதில் வரும் வரை

மலைமேல் குண்டனி நாடு என்ற ஊர்ப்பகுதியில் மிளகு வாங்கப் போன இடத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கணவர் மூங்கில் ஏணியில் ஏறி, மர உச்சியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். கீழே இவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மெலிந்த உடம்பு, காதோரம் நரை, இடுப்பில் இறுக்கிச் செருகிய முந்தானை. என்னோடு பேசிக்கொண்டே மரத்தைச் சுற்றி வருவார். பாதிப் பேச்சில் "ஏனுங்க" என்று மேலே குரல் கொடுப்பார். இலைகளுக்குள்ளிருந்து "ம்" வந்த பிறகுதான் மீதிப் பேச்சு.

பேச்சு எங்கெங்கோ போக, செவ்வாய்க் கிரகத்தில் ஓடிய ஆளில்லா வண்டியின் படத்தைப் போனில் காட்டினேன். புழுதிப் புயலில் சிக்கி அது பூமியோடு பேச்சை நிறுத்திவிட்டது என்றேன்.

"அப்புறம் கூப்புட்டுப் பாக்கலீங்களா?"

"விஞ்ஞானிங்க பல மாசம் கூப்பிட்டாங்க. பதில் இல்லைன்னதும் விட்டுட்டாங்க."

"பதில் வரலைன்னாத்தானுங்க இன்னும் கூப்புடோணும்" என்றவர், மேலே பார்த்து "ஏனுங்க" என்றார்.

பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். அப்போதும் இல்லை. நான் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"மொளகுப் பையப் பல்லுல கடிச்சிருந்தேன். எப்படிப் பேசறது?" என்றது மேலிருந்து ஒரு குரல்.

அந்த அம்மா மரத்தை இன்னொரு சுற்று வந்தார்.

மலையிறங்கி வந்த பிறகும் எனக்கு நிம்மதியில்லை. அந்த வண்டியைக் கடைசியாகக் கூப்பிட்டவர், மறுநாள் எப்படிச் சும்மா இருந்திருப்பார்?