சந்தனப் பொட்டுக்கு அடியில் அம்புக்குறி

அந்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், காஞ்சிபுரத்தில் ஒருவனும் என்னைக் கூப்பிட்டு ஒரு பல்புகூட மாட்டச் சொல்லியிருக்க மாட்டான். கடிதத்தை எழுதியது நான் இல்லை. சாயப்பட்டறை முதலாளியின் மச்சான் எழுதி, அடியில் என் பெயரையும் தானே எழுதி, பேனாவை நீட்டினார். ‘என் கவனக்குறைவால் மின்சார வால்வு பழுதாகி, கல்யாணப் பட்டுக்கான நூல் வீணாயிற்று’ என்று இருந்தது. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. பெரிய காஞ்சிபுரத்தில் அந்தப் பட்டறைக்கு நான் எலெக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. முடித்து லைசென்ஸ் வாங்கியவன். எங்கள் தெருவிலிருந்து அப்படி ஒரு வேலைக்கு வந்த முதல் ஆள் வேறு. நான் எப்போது தப்பு செய்வேன் என்று காத்திருந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

சாயத் தொட்டிக்குத் தண்ணீர் விட சோலனாய்டு வால்வு மாட்டியது நான்தான். பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. செம்புக் கம்பிச் சுருளுக்குள் ஓர் இரும்புத் தண்டு. சுருளில் கரண்ட் பாய்ந்தால் அது காந்தமாகித் தண்டை மேலே இழுக்கும், வழி திறக்கும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் தண்டைக் கீழே தள்ளும், வழி மூடும். கரண்ட் இல்லாதபோது மூடியிருப்பது ஒரு வகை, திறந்திருப்பது இன்னொரு வகை. நினைத்தபோதெல்லாம் கரண்ட் போகிற ஊரில் சாயத் தொட்டிக்குத் திறந்திருக்கும் வகையை வைப்பவன் முட்டாள். மூடியிருக்கும் வகைதான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்று வாங்க வைத்தேன்.

அதிலும் இரண்டு உண்டு. சின்னக் குழாய் என்றால் தண்டே நேராக வழியை அடைக்கும், திறக்கும். எங்களுடையது பெரிய குழாய். பம்பிலிருந்து வரும் அழுத்தத்தோடு மல்லுக்கட்ட அந்தத் துக்கடாத் தண்டால் ஆகாது. அதனால் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு வைத்திருப்பார்கள். வருகிற தண்ணீரே ஒரு சிறு துளை வழியாகச் சவ்வின் முதுகில் ஏறி உட்கார்ந்து, அதை அழுத்தி மூடி வைக்கும். தண்டு திறப்பது இன்னொரு பொடித் துளையை மட்டும். அது திறந்ததும் முதுகுத் தண்ணீர் வடிந்துவிடும், கீழே உள்ள தண்ணீர் சவ்வைத் தூக்கிக்கொண்டு பாயும். கோயிலில் பெரிய கதவுக்குள்ளேயே இருக்கும் சின்னத் திட்டிவாசல் வழியாக உள்ளே போய், அந்தக் கதவின் தாழ்ப்பாளை நீக்குகிற மாதிரிதான்.

ஆனால் இது பக்கம் பார்த்து மாட்ட வேண்டிய சாமான். திருப்பி மாட்டினால் முதுகில் அழுத்தம் இராது. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் சவ்வைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் என்று காட்டப் பித்தளை உடம்பிலேயே ஓர் அம்புக்குறி இருக்கும்.

ஆயுத பூஜை அன்று பட்டறைச் சாமான்களை எல்லாம் கழற்றிக் கழுவினார்கள். என்னை மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு மச்சான் சொன்னார்:

“நீ வெளிய இருப்பா. பூஜ நேரம். பொரி வாசலுக்கே வந்துடும்.”

வருஷம் முழுக்க அந்தச் சாமான்களைத் தொட்ட கை, அன்று ஒருநாள் ஆகாதாம். பொரிக்கு நான் நிற்கவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். உள்ளே மச்சான் வால்வைக் கழற்றி, பித்தளை பளபளக்கப் புளி போட்டுத் தேய்த்து, தானே ஸ்பானர் பிடித்து மாட்டி, அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பிக் குங்குமமும் வைத்திருக்கிறார். சாயம் போடுகிற ஆட்கள் அடுத்த நாள் காலை வாசலிலேயே எனக்குச் சொன்னது இது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் தவறக்கூடாது என்று நான் போய்ச் சேர்வதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அரக்குச் சாயத்தில் நூல் வெந்துகொண்டிருந்தது. அடுத்த தொட்டியில் அலசத் தண்ணீர் வேண்டுமென்று, இரண்டு தொட்டிக்கும் பொதுவான பம்பைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் வால்வின் சுவிட்சை ஒருவரும் தொடவில்லை. இருந்தும் சாயத் தொட்டிக்குள் தண்ணீர் கொட்டியிருக்கிறது. யாரோ கவனித்துப் பம்பை நிறுத்துவதற்குள் பாதி நூல் அரக்கு, பாதி வெங்காயக் கலர்.

நான் உள்ளே நுழைந்தபோது கடிதம் தயாராக இருந்தது.

“கரண்டு சாமான் கெட்டுதுன்னா கரண்டு வேலைக்காரன்தான் பொறுப்பு” என்றார் மச்சான்.

“நேத்து அதைக் கழட்டனது யாரு?”

“தொடச்சி மாட்னோம். அதுல இன்னா தப்பு?”

தோளில் கிடந்த துண்டை நனைத்துக்கொண்டு வால்விடம் போனேன். முதலாளி பதறிக்கொண்டு வந்தார்.

“பூஜப் பொட்டுபா அது. அழிக்காத, ஆகாது.”

“ஆகாதது நேத்தே ஆயிடுச்சி மொதலாளி.”

அழுத்தி ஒரு துடை துடைத்தேன். தொட்டியைக் காட்ட வேண்டிய அம்பு பம்பைக் காட்டிக்கொண்டிருந்தது. சாயத்துக் கையோடு ஆட்கள் எல்லோரும் வந்து குனிந்து பார்த்தார்கள்.

முதலாளி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“சரிப்பா, தெரிஞ்சிபோச்சி. ஆனா நூல் குடுத்த பட்டுக் கடைக்காரருக்கு ஒரு கடுதாசி காட்டணுமே. வீட்டு ஆளு தப்புன்னு எழுத முடியுமா? நீ கையெழுத்துப் போட்டுட்டா உன் வேல எங்கயும் போவாது.”

மச்சான் தெரியாமல் செய்தார். இவர் தெரிந்தே கேட்கிறார். பேனாவை வாங்கினேன். அவர்கள் எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கீழே எழுதினேன்: ‘வால்வு திருப்பி மாட்டப்பட்டதால் தண்ணீர் புகுந்தது. மாட்டியவர் முதலாளியின் மச்சான். மாட்டத் தெரிந்தவன் பூஜைக்கு ஆகாது என்று அன்று வெளியே நிறுத்தப்பட்டான்.’ அதன் அடியில் பெயர், லைசென்ஸ் எண், கையெழுத்து.

முதலாளி படித்துவிட்டு, “இன்னாபா இது?” என்றார்.

“நீங்க கேட்ட கையெழுத்து.”

பிறகு ஸ்பானரை எடுத்து வால்வைச் சரியாக மாட்டினேன். வால்வின் சுவிட்சைத் தொடாமல் பம்பை மட்டும் போட்டுக் காட்டினேன். தொட்டியில் ஒரு சொட்டு விழவில்லை. கடைக்காரரிடம் அவர்கள் என்ன சொல்லிச் சமாளித்தார்களோ, அது என் கவலை இல்லை. மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனேன். போ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.