இருபத்தைந்து சட்டைக் கட்டு

திங்கட்கிழமை எங்கள் மொரீஷியஸ் சட்டைத் தொழிற்சாலையில் நடந்தவை:
1. பன்னிரண்டு பன்னிரண்டாகப் பெட்டியில் வைக்கவேண்டிய சட்டைகள் இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டப்பட்டிருந்தன.
2. கட்டியவர் முக்கூடல் இசக்கியக்கா. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு என்று பதினெட்டு வருடம் பழகிய கை.
3. மேற்பார்வையாளர் மதாம் லிசேத், "கி எதே சா?" என்றார். 'இது என்ன?' என்று பொருள். பாராட்டு என்று நினைத்து அக்கா சிரித்தார்.
4. வருகிற வெள்ளிக்கிழமையே அக்காவை ஊருக்கு அனுப்பிவிடுவதென்று முடிவானது.

போன வருடம் எங்கள் ஊர்ப் பக்கம் பேட்டையில் இந்தத் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தபோது, ஜவுளித் தொழில்நுட்ப டிப்ளமோவோடு நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அக்கா. புகையிலைத் தூளால் வந்த இருமலுக்குப் பீடி சுற்றுவதை விடச் சொல்லிவிட்டார் வைத்தியர். ஊரில் வேறு வேலையும் இல்லை. "தைக்கத் தெரியுமா?" என்றார் ஏஜெண்ட். "தெரியாது அண்ணாச்சி. எல்லாவளும் தச்சிக்கிட்டே இருந்தா கட்டுதது யாரு?" வரிசையே சிரித்தது. ஏஜெண்டும் சிரித்துக்கொண்டே பெயரை எழுதினார். நான் அப்போதே வந்துவிட்டேன்; அக்கா வந்து சேர்ந்தது போன வாரம்தான்.

திங்கட்கிழமை மதாம் போனதும் அக்கா என்னிடம் கேட்டார்: "ஏ பிள்ள, எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு, அந்தம்மாவுக்கு என்ன கோவம்?"

"இவிய டஜன் கணக்குல கேக்காவக்கா."

"அத முந்தியே சொல்லப்பிடாதா?"

சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான். மொழிபெயர்ப்பதும் என் வேலை. அன்று சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலையின் வேலைகளையெல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எப்படிப்பட்ட கை வேண்டும் என்று பக்கத்தில் குறித்தேன். பதினோராவது வரியில் கிடைத்தது: வெட்டும் பிரிவு. வெட்டிய காலர்களை இருபத்தைந்தாகக் கட்டித்தான் தையலுக்கு அனுப்புகிறார்கள். அங்கே தினமும் எண்ணிக்கை தவறும்.

மதாமை அழைத்துப்போனேன். அக்கா காலர்களைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, பேசிக்கொண்டே கட்டினார். மதாம் எண்ணினார்: இருபத்தைந்து. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது கட்டை அவிழ்த்து, முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒன்றை உருவிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அக்கா விரலால் ஓரத்தைத் தடவினார்.

"ஒண்ணு குறையுதே. அந்தம்மா கையிலதான் இருக்கும், கேளு பிள்ள. களவாணி!"

கடைசிச் சொல்லை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. மதாம் காலரை நீட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

ஆகவே, பேட்டை, முக்கூடல் பக்கத்தில் இதைப் படிப்பவர்களே, தையல் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இங்கே வேலை என்று நினைக்காதீர்கள். அக்காவுக்கு மூன்று வருட ஒப்பந்தம் கிடைத்துவிட்டது. வெட்டும் பிரிவில் இன்னும் இரண்டு இடம் காலி. தங்கைக்குக் கடிதம் எழுதச் சொன்னார் அக்கா: "உடனே பொறப்பட்டு வா." அடுத்த வரியிலேயே, "நீயும் வந்துட்டா அம்மைய யாரு பாப்பா?" எதை வைத்துக்கொள்வது என்று கேட்டேன். "ரெண்டும் இருக்கட்டும்" என்றார். இரண்டையும் எழுதி நேற்றுத் தபாலில் சேர்த்தேன்.