தலை குனிந்து குடித்த தண்ணீர்

விக்கிரவாண்டி ரோட்டோர ஓட்டலில் பரோட்டா நெஞ்சில் நின்றது. தண்ணீரை ஊற்றி இறக்கினேன். எட்டாவதோடு படிப்பை விட்டு, லாரியில் ஊர் ஊராகச் சுற்றியவன் நான். பரோட்டாவைத்தான் குறை சொன்னேன். இரண்டு மாதத்தில் இட்லியும் நின்றது. எண்டோஸ்கோபி (வாய் வழியே குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) செய்தார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய்.

உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்துக் கழுத்தருகே இணைத்தார்கள். வயிற்றில் துளையிட்டு ஒரு டியூப் வைத்தார்கள். அதன் வழியே வடிகட்டிய கஞ்சி இறங்கும். பசி அடங்கும், சாப்பிட்டது போல இருக்காது.

திண்டிவனம் வீட்டில் கிடந்தேன். லாரி ஏறிய பிறகு ஒரே ஊரில் மூன்று மாதம் தங்கியது எனக்கு அதுவே முதல் முறை. கெட்டியான கேப்பைக் கூழ் வாய் வழியே மெல்ல இறங்கத் தொடங்கியது. தண்ணீர்தான் சிக்கல். அது வேகமாக ஓடும். மூச்சுக்குழாய் மூடிக்கொள்வதற்குள் அதில் போய்விடும். தண்ணீர் ஒழுங்காக இறங்கினால்தான் டியூப்பை எடுக்க முடியும் என்றார் டாக்டர். அண்ணாந்து குடிக்கவே கூடாது. டம்ளரில் உதடு வைத்து, முகவாய் நெஞ்சில் படக் குனிந்து, ஒவ்வொரு வாயாக விழுங்க வேண்டும்.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் எங்கள் பக்கம் பாத்திரத்தில் வாய் வைத்தால் எச்சில். விழுப்புரம் பக்கம் கெடாரில் மச்சான் வீட்டுக்குப் போனபோது சொம்பை நீட்டினார்கள். பத்துப் பேர் குடிக்கிற சொம்பு. தனி டம்ளர் கேட்கக் கூச்சம். அண்ணாந்தேன்.

இருமல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் நிமோனியா (நுரையீரலில் கிருமி தொற்றி வரும் காய்ச்சல்). விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கை.

"டம்ளர் கேக்க வெக்கப்பட்டீங்க. இப்ப ஆக்ஸிஜன் கேக்கறீங்க" என்றார் டாக்டர். "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா டியூப்போடவே இருக்க வேண்டியதுதான்."

வீடு திரும்பியதும் என் மனைவி அஞ்சலை இரண்டு டம்ளர் தண்ணீரோடு எதிரே உட்கார்ந்தாள். டம்ளரில் உதடு வைத்து அவளும் குடித்ததில்லை.

"உனக்கு எதுக்கு?"

"நீ மட்டும் குனிஞ்சிக்கினு குடிச்சா தொட்டித்தண்ணி குடிக்கிற மாடு மாதிரி இருக்குது. ஒத்த மாடுன்னா நல்லா இல்ல. ஜோடியா குடிப்போம்."

"உங்கம்மா பாத்தா?"

"அதுக்கும் ஒரு டம்ளர் குடுப்பேன். பேசாத. முழுங்கு."

பேசினால் புரை ஏறும். அதனால் சண்டையைக்கூட விழுங்கி முடித்த பிறகே போட்டோம். நான் குனிந்தால் அவளும் குனிவாள். நான் இருமினால் முதுகைத் தட்டக் கூடாது, தானாக அடங்க விட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் தட்டமாட்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, என் முகத்தையே பார்த்திருப்பாள்.

நாற்பது நாளில் டியூப்பை எடுத்தார்கள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. யார் வீடானாலும் டம்ளர் கேளுங்கள்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு இன்றும் கால் மணி நேரம் ஆகிறது. முன்பெல்லாம் கழுத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்றே நான் அறிந்ததில்லை. இப்போது ஒவ்வொரு வாயும் எதுவரை போயிற்று என்று தெரிகிறது. போன வாரம் திண்டிவனம் பஸ் நிலையத்தில் நாங்கள் இருவரும் குடித்துக்கொண்டிருக்கையில் நாங்கள் ஏற வேண்டிய விழுப்புரம் வண்டி நகர்ந்தது. ஒரு காலத்தில் ஓடிப்போய்ப் படியில் தொற்றிய கால்கள் இவை. எழுந்திருக்கவில்லை. இன்னும் நாலு வாய் மீதி இருந்தது.