குளத்துக் கல்

எரியோட்டைத் தாண்டி ஒரு குளத்தங்கரையில் கூடாரம் போட்டிருக்கிறோம். மகளுக்குப் பிறந்தநாள், கேக் வேண்டுமாம். பேகம்பூர் பழைய இரும்புக் கடையில் வாங்கிய எண்ணெய் டின்தான் அடுப்பு. உள்ளே மணல், மணல்மேல் மாவுக் கிண்ணம். தண்ணீருக்குள்ளிருந்து எடுத்த மூன்று கற்கள்மேல் டின்னை வைத்து அடியில் தீ மூட்டியிருக்கிறேன். காற்று சுழற்றியடிக்கிறது. பக்கத்திலேயே யாரோ காய்ந்த சோளத்தட்டையைப் போராகக் குவித்து வைத்த படப்பு. என் கண் அதை விட்டு நகரவில்லை. மகள் அடுப்பருகே குந்தியிருக்கிறாள்.

ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி ஓடி வருகிறாள்.

"கல்லு எங்கன எடுத்தீக?"

"குளத்துக்குள்ளதான்க்கா. படப்பு பத்திக்கிருமா?"

"படப்பு கெடக்கட்டும். ஈரக்கல்லு வெடிக்கும், பிள்ளையத் தூக்குங்க!"

தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். முதுகுக்குப் பின்னால் பட்டென்று சத்தம். டின் சரிகிறது. மகள் குந்தியிருந்த இடத்தில் விரல் நீளக் கல் சில்லு ஒன்று குத்தி நிற்கிறது. படப்பில் ஒரு பொறிகூட விழவில்லை.