பாதி வார்த்தையில் பார்த்த ஊர்

வழி கேட்பதற்கு முன் அவள் ஆளைப் பொறுக்குவாள். காதில் இயர்போன் மாட்டியவர்கள் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் கூடாது. ஜோடியாக வருகிறவர்கள் கூடவே கூடாது. ஒருவர் பதில் சொல்ல யோசிக்கும்போதே மற்றவர் சிரித்துவிடுவார். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே போக மனமில்லாமல் நிற்கிற கடைக்காரர், வங்கி வாசலில் கால் மாற்றி நிற்கிற காவலாளி, சவாரி கிடைக்காமல் பானட்டில் சாய்ந்திருக்கிற டாக்ஸிக்காரர் என்று யாராவது கண்ணில் பட்டால் நெருங்கிப் போவாள். அவர்களிடம் நேரம் இருக்கும். அவளுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

அவளுக்குப் பேச்சு திக்கும். 'க'வும் 'ப'வும் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவளுடைய சொந்தப் பெயரே 'ப'வில்தான் தொடங்குகிறது. கல்லூரியில் சேர்ந்த அன்று பெயர் கேட்டவர்களிடம், வீட்டில் கூப்பிடுகிற 'சின்னு'வைச் சொல்லித் தப்பித்துவிட்டாள். நான் குடியிருக்கும் கட்டடத்தில் மேல்மாடி ஒற்றை அறை அவளுடையது. என்னை 'ஆன்ட்டி' என்பாள். அதில் மரியாதை பாதி, சௌகரியம் பாதி. உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள் அவளிடம் வம்பு செய்வதில்லை.

படிப்பது புள்ளியியல். எண்களோடு இருந்துவிடலாம், யாரோடும் பேச வேண்டாம் என்று நினைத்துச் சேர்ந்தாளாம். சேர்ந்த பிறகுதான் ஒவ்வொரு பருவமும் வாய்மொழித் தேர்வு உண்டு என்று தெரிந்தது. "நல்லா மாட்டுனேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, யாருக்கோ நடந்ததுபோல் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு தனியாகக் கிளம்புவாள். கைபேசியில் வழி பார்க்கமாட்டாள். "அதுல பாத்தா யார்கிட்டயும் பேசாமலே போய்ட்டு வந்துடலாமே. அப்புறம் எதுக்குப் போகணும்?" சாயங்காலம் திரும்பி வரும்போது நான் கேட்டின் அருகே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். "இன்னிக்கு எங்க போகப் பாத்த, எங்க போய்ச் சேந்த?" என்று கேட்பேன். இரண்டும் ஒரே இடமாக இருப்பது அபூர்வம்.

முதல் தடவை அவள் போக நினைத்தது பழைய புத்தகக் கடைத் தெருவுக்கு. ஒரு காவலாளியிடம் "பழ..." வரைக்கும் வந்துவிட்டாள். "பழ மார்க்கெட்டா? நேரா போயி ரெண்டாவது லெஃப்ட்" என்றார் அவர். உதவி செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில். 'இல்லை' என்று சொல்லி மறுபடியும் முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பில்லை. தலையாட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றதால் நேராகப் போய் இரண்டாவது இடப்பக்கம் திரும்பவும் திரும்பினாள். ஈர வைக்கோலுக்கு நடுவே, லாரியிலிருந்து பழப்பெட்டிகளை ஒருவர் எறிய இன்னொருவர் முகத்தைப் பார்க்காமலே பிடிப்பதை மதியம்வரை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாள்.

அப்புறம் இது வழக்கமாயிற்று. கண் கண்ணாடியின் ஃபிரேம் உடைந்து அதைச் சரிசெய்யக் கடை தேடியவளை, "க..." என்றதுமே கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார் ஒரு டாக்ஸிக்காரர். அங்கே தோட்டக்காரர், "யாரப் பாக்க வந்தம்மா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். "சும்மா" என்றாளாம். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் நிழலான பெஞ்சைக் காட்டிவிட்டுப் போனார். பிரிண்ட் எடுக்கக் கடை விசாரித்தபோது இன்னும் மோசம். "பி..." என்பதற்குள் ஓர் அம்மாள், "பிரசவ ஆஸ்பத்திரியா? வாம்மா, நானும் அங்கதான் போறேன். எம் மருமகளுக்கு வலி எடுத்துடுச்சு" என்று கையைப் பிடித்து டாக்ஸியில் ஏற்றிவிட்டார். அந்த அம்மாள் பிடித்த கையை விடாததால் இவளால் இறங்க முடியவில்லை. குழந்தை பிறக்கும்வரை அந்தக் குடும்பத்தோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "என்ன கத்து கத்துச்சு தெரியுமா ஆன்ட்டி, ஒரு தடங்கல் இல்ல" என்றாள்.

"நாலு திக்கும் சுத்துறேன். திக்கித் திக்கிச் சுத்துறேன்" என்பது அவளே தன்னைப் பற்றிச் செய்துகொண்ட ஜோக். வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

வீட்டில் அவளுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இருந்ததில்லை. அக்கா இருந்தாள். மாமா எதையாவது கேட்டால் சின்னு வாயைத் திறப்பாள். பதில் அக்காவிடமிருந்து வரும். கடையில், பஸ்ஸில், டாக்டரிடம் எல்லாம் அக்காதான். "இவளுக்கு வலது பக்கம்தான் டாக்டர் வலிக்குது" என்பாளாம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தப் பிரியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இதே படிப்பு வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியிலும் இருந்தது. "அங்க டிபார்ட்மென்ட் நல்லாருக்கும்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தன் வாக்கியத்தைத் தானே முடிக்க ஆசைப்பட்டு வந்ததை என்னிடம் மட்டும் சொன்னாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்டேன்.

ஒரு ஞாயிறு அவள் பையோடு வந்தாள். பைக்குள் பழைய புத்தகங்கள். சாவி செய்கிறவர் ஒருவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் பழ மார்க்கெட்டா என்றார், பள்ளிக்கூடமா என்றார். இவள் இரண்டுக்கும் "இல்ல" என்றாள். உயிரெழுத்தில் தொடங்குகிற சொல்தானே, சிரமமில்லாமல் வந்துவிட்டது. அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நீயே சொல்லும்மா. நான் எங்க ஓடிப் போகப் போறேன்" என்றார். சொன்னாள். அந்தத் தெரு அவர் கடைக்குப் பின்பக்கம் இருந்தது.

அதற்கடுத்த வாரம் அக்காவிடமிருந்து போன். அவளுக்கு இதே ஊரில் வேலை கிடைத்துவிட்டது. வாடிக்கையாளர் சேவை மையத்தில் நாள் முழுக்க போனில் பேசுகிற வேலை. "இனிமே உனக்கு ஒரு கவலையும் இல்லடி. ரெண்டு பேரும் ஒண்ணாவே இருக்கலாம்" என்றாளாம். சின்னு "ம்" என்றிருக்கிறாள். அன்று சாயங்காலம் கேட்டருகில் நின்றவள், ஊர் சுற்றியதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அவ ரொம்ப நல்லவ ஆன்ட்டி. அதான் பயமாருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா வந்தாள். உருண்டை முகம், சுறுசுறுப்பான கண்கள். பத்து நிமிஷத்தில் எனக்கே அவளைப் பிடித்துப்போயிற்று. எங்கள் கட்டடத்தில் இரண்டு அறை கொண்ட பகுதி ஒன்று காலியாக இருந்தது. அதைப் பேசி முடிக்க வீட்டுக்கார அம்மாள் என் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சிக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். தனியா என்ன பாடு படுறாளோன்னு எங்கம்மாவுக்குத் தூக்கமே கிடையாது. அதான் நான் கூடவே இருந்துடலாம்னு" என்றாள் அக்கா.

வீட்டுக்கார அம்மாள் சின்னுவைப் பார்த்து, "உனக்கு இஷ்டம்தானே?" என்றார்.

"அவளுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றாள் அக்கா.

"இல்ல" என்றாள் சின்னு.

அக்கா திரும்பினாள். "என்ன இல்ல? வீடு பிடிக்கலையா? வெளிச்சம் பத்தாதா?"

"இல்ல. அக்கா, நீ க..."

"கவலப்படாதேங்கிறியா?"

"இல்ல. க..."

"கஷ்டப்படுத்துறேனா?"

"இல்ல." அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடித் திறந்தாள். "கேளு. நீ க... கேளு."

அக்கா நிறுத்தினாள். பிறகு சின்னு பேசினாள். இடையிடையே நின்றது, சில சொற்கள் மூன்று தடவை தொடங்கின. நானும் வீட்டுக்கார அம்மாளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "நீ இந்த ஊருக்கு வா அக்கா. எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ஆனா வேற வீட்டுல இரு. நான் ஆரம்பிச்சா நீ முடிச்சிடுற. கொஞ்ச நாள் நானே முடிச்சுப் பாக்கறேன்."

அக்காவின் முகம் அடி வாங்கினதுபோல் ஆகிவிட்டது. "நான் உனக்கு இடைஞ்சலா இருந்தேனாடி?" என்றாள்.

"இல்ல" என்றாள் சின்னு. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அக்கா வெகுநேரம் எதுவுமே பேசவில்லை. நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கப்போகிறவளுக்கு அது எவ்வளவு சிரமம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கார அம்மாள் எழுந்து, ஏதோ மறந்துவிட்டவர்போல வெளியே போனார்.

அக்கா தன் அலுவலகத்துப் பக்கமாகவே அறை பார்த்துக்கொண்டாள். இரண்டு வாரம் போன் வரவில்லை. சின்னு சரியாகச் சாப்பிடவில்லை என்பதைப் படிக்கட்டில் அவள் ஏறுகிற விதத்திலேயே கண்டுபிடிக்க முடிந்தது. தப்பு செய்துவிட்டோமோ என்று ஒரு தடவை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, அதைத்தான் சொன்னேன். மூன்றாம் ஞாயிறு காலை, அக்காவே வந்து கேட்டைத் தட்டினாள். "இந்த ஊருல எனக்கு ஒரு இடமும் தெரியல. எங்கயாவது கூட்டிட்டுப் போ" என்றாள்.

எனக்கும் கடைவீதியில் வேலை இருந்தது. மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவர்கள் இருவரும் எனக்கு முன் இருக்கையில். கூட்டம் நெருக்கியது. நடத்துநர் டிக்கெட்டைக் கிழிக்கத் தயாராக விரலை வைத்துக்கொண்டு, "எங்கம்மா?" என்றார். "பெரிய கடைவீதி" என்று சொல்ல எடுத்த சின்னுவுக்கு முதலெழுத்தே வரவில்லை. "ப..." என்று நின்றாள். பின்னாலிருந்து ஒருவர் சீக்கிரம் ஆகட்டும் என்று முணுமுணுத்தார். நடத்துநர் அக்காவைப் பார்த்தார். அக்காவின் உதடு பிரிந்தது. சட்டென்று அவள் குனிந்து, அவிழாமலே இருந்த தன் செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி மாட்டத் தொடங்கினாள். தங்கை கடைசி எழுத்துவரை சொல்லி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.