மூடுபனியின் மீது போட்ட பழி

நான் வாழும் ஸ்காட்லாந்தில் குளிர்காலத்துப் பிற்பகலிலேயே தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிடும். சில ஆண்டுகளாக அவ்விளக்குகளைச் சுற்றி மங்கலான வளையம் ஒன்று எனக்குத் தெரிந்துவந்தது. இந்நாட்டு மூடுபனியின் குணம் என்றே கருதினேன். “இன்று பனி அதிகம்” என்று அண்டை வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அவர் தெளிந்த வானத்தை ஒருமுறை நோக்கிவிட்டு, “ஆமாம், ஆமாம்” என்றார். இங்கே முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவதில்லை. நான் அதை உடன்பாடு என்று எடுத்துக்கொண்டேன்.

கண்வில்லையின் புரதங்களை ஆராய்ந்ததே என் வாழ்நாள் பணி. கண்ணாடிபோல் தெளிந்த அப்புரதங்கள் முதுமையில் ஏன் திரண்டு, வெந்த முட்டையின் வெண்கருபோல் ஒளியை மறைக்கின்றன என்பதே என் கேள்வி. பிறந்த பொங்கலூருக்கு வரும்போதெல்லாம் உறவினர்கள் கீழிமையை இழுத்துப் பிடித்தபடி என் முன் நிற்பார்கள். நான் மருத்துவன் அல்லன், ஆய்வாளன் என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மற்ற இமையையும் இழுத்துக் காட்டுவார்கள்.

சென்ற வைகாசியில், சாமளாபுரத்தில் கண்புரைப் பரிசோதனை முகாமைத் தொடங்கிவைக்க அழைக்கப்பட்டிருந்தேன். முந்தைய நாள், திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சல் ஊரில் தங்கை சரசு நடத்தும் பனியன் கம்பெனிக்குச் சென்றேன். இரண்டு துணிகளைக் காட்டி எது பளிச்சென்று இருக்கிறது என்று கேட்டாள். இரண்டும் ஒரே வெள்ளை என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறினேன்.

“ஏனுங்ணா, இது சுத்த வெள்ளை, அது ஹாஃப் ஒயிட்டுங்க. உங்கள செக்கிங்ல உக்கார வெச்சா மொத்த லோடும் திரும்பி வந்துருமுங்ணா.”

“வெளிச்சம் பத்துல, சரசு. ஒரே பனியா இருக்குது.”

“வைகாசி மாசம் திருப்பூர்ல பனிங்களா?”

தடுப்பதற்குள் கட்டைவிரலால் என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். “நாளைக்கு நீங்களும் வரிசைல நில்லுங்ணா.”

“தொடங்கி வெக்கறவனே வரிசைல நின்னா எம்பேரு என்னாகறது?”

மறுநாள் முகாமில் பொன்னாடை போர்த்தினார்கள். புரதங்களைப் பற்றி விரிவாகவே உரையாற்றினேன். முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் பரிசோதனைக்கு நிற்காமல் எழுந்து புறப்பட்டார். தடுத்து நிறுத்தி, அஞ்ச வேண்டாம் என்றேன்.

“கண்ணுல கத்தி வெக்கறதெல்லாம் வேண்டாமுங்க. உங்களுக்கு வந்தா நீங்க வெப்பீங்களா?”

மேடையோரம் நின்ற சரசு கூரையைப் பார்த்தாள். போர்த்திய பொன்னாடையுடனே போய்ப் பரிசோதனை நாற்காலியில் அமர்ந்தேன். இளம் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தயங்கி, “ரெண்டு கண்லயுமே இருக்குதுங்க சார்” என்றார். கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் பெயர் அந்தப் பார்வைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதியவர்தான் முதலில் சிரித்தார். “இத்தனை படிச்சவருக்கே வந்திருக்குது. நமக்கு வந்ததுல என்னங்க கேவலம்?” என்றபடி எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் பின்னே வரிசை நீண்டது. அன்று என் உரையிலிருந்து ஒரு சொல்லும் எவர் நினைவிலும் தங்கியிராது. என் புரை தங்கியிருக்கும்.

கோவையில் வலக்கண்ணுக்கு அறுவை செய்துகொண்டு ஸ்காட்லாந்து திரும்பினேன். இடக்கண் இங்குள்ள மருத்துவமனையின் முறைக்காகக் காத்திருக்கிறது. “அடுத்த கண்ணு எப்பங்ணா?” என்று சரசு தொலைபேசியில் அதட்டுகிறாள். அவசரமில்லை என்கிறேன். வில்லையின் நடுப்பகுதிப் புரதங்கள் தாயின் வயிற்றிலேயே உருவாகி, வாழ்நாள் முழுதும் மாறாதிருப்பவை. கோவையில் புது வில்லை பொருத்திய வலக்கண் வழியே இந்நாட்டுப் பனி சுத்த வெள்ளை. பொங்கலூரிலிருந்து கொண்டுவந்த இடக்கண் வழியே அதே பனி ஹாஃப் ஒயிட். மாலையில் சன்னலருகே அமர்ந்து, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.