முழங்கை வரை ஜாக்கெட்

ஆம்பூரில் நான் டீச்சராக இருந்த பள்ளியில் கரும்பலகையின் மேல்பாதியை நான் தொட்டதே இல்லை. நாற்பதை நெருங்கும்போது நடையாய் நடந்து, சோற்றைக் குறைத்து, உடம்பை இளைக்க வைத்தேன். கொழுப்பு போனது, தோல் போகவில்லை. கையைத் தூக்கினால் தோளுக்குக் கீழே காலிப் பை மாதிரி தொங்கி ஆடும். கடைசி பெஞ்சில் கொல்லென்று சிரிப்பார்கள். சித்திரை வெயிலிலும் முழங்கை வரை ஜாக்கெட்தான். உள்ளே வேர்க்குரு, அரிப்பு. சே, என்ன பிழைப்பு!

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடை விடுமுறையில் பெங்களூர் போய் ஆபரேஷன் செய்துகொண்டேன். தொங்கிய தோலை வெட்டி எடுத்து, அக்குளிலிருந்து முழங்கை வரை தையல் போட்டார்கள்.

ஊர் கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "கையில கட்டி, எடுத்துட்டாங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார். கட்டி, அதுவும் அக்குள் பக்கம், அதுவும் பெங்களூரில் ஆபரேஷன். போதாதா? அந்த ஞாயிற்றுக்கிழமையே சபையிலிருந்து ஜெபக் குழு வந்துவிட்டது. என் தலையில் கைவைத்து அழுதார்கள். புற்றுநோயைப் பெயர் சொல்லி அதட்டி, வெளியே போகச் சொன்னார்கள்.

"இன்னாம்மா இது? ஒண்ணுமில்லன்னு சொல்லித் தொலையேன்" என்று அம்மாவிடம் பல்லைக் கடித்தேன்.

"அழகுக்கு வெட்டிக்கிட்டேன்னு நீயே போய் சொல்லு, போ" என்றார்.

பேச்சு ராணிப்பேட்டை வரை போய்விட்டது. தங்கைக்கு மாப்பிள்ளை அந்த ஊர்தான். எல்லாம் பேசி முடித்து, சபையில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிப்பது மட்டும்தான் பாக்கி. அவளும் அந்தப் பையன்மேல் உயிராக இருந்தாள். பையனுடைய அம்மா நேரில் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். இந்த நோய் ரத்தத்துலயே வருமாம். நாளைக்கு உங்க தங்கச்சிக்கும் வந்துட்டா?"

தங்கை சுவரோடு சுவராக நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் யாருக்கும் காட்டாத கையை, ஜாக்கெட்டைச் சுருட்டி அந்த அம்மாவுக்குக் காட்டினேன். தழும்பு சிவந்து தடித்திருந்தது.

"நோயெல்லாம் கெடையாதுங்க. தொங்குன தோலத்தான் எடுத்தாங்க. டாக்டரயே வேணும்னா கேளுங்க."

குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். இப்போது சிரித்துவிடுவார் என்று காத்திருந்தேன்.

"அப்போ, அழகுக்கா?" என்றார். "கல்யாணம் ஆகாதவங்க நீங்க. இந்த வயசுல, யாருக்குக் காட்ட டீச்சர்?"

அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். ஓலை வாசிக்கவே இல்லை. நோய் என்றிருந்தாலாவது ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பார், பாவி!

தங்கை அழுது ஓய்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். திட்டவில்லை. அம்மா காதில் விழாமல் மெல்லக் கேட்டாள்.

"எங்கிட்ட மட்டும் சொல்லுக்கா. யாரு அவரு?"